நார்த்தூளின் உப்பு

"நார்த்தூள நாக்குல வச்சுப் பாத்தியா மாப்ள?"

சமயநல்லூர் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து வந்த இந்தக் கேள்வி என்னை நிமிர வைத்தது. கேட்டவரின் நண்பர் மடியில் ஒரு மிளகாய் நாற்றுத் தட்டு. இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"அத யாராச்சும் திம்பாங்களா?"

"தேங்கா நாருல உப்பு இருக்கும்டா. கழுவாமப் போட்டா வேரு கருகிரும்."

"தட்டுல போட மண்ண வெட்டாத, நார்த்தூளே போதும்னு நீதான சொன்ன? மூணு தடவ கழுவித்தான் போட்டேன் மச்சான். நாளைக்கு நாத்து எடுக்க ஆள் வருது. அம்புட்டுத் தட்டும் இப்படித்தான் கெடக்கு."

"எந்தத் தண்ணியில கழுவுன?"

"வீட்டு போர்த்தண்ணிதான்."

"அதக் குடிப்பியா?"

தட்டு வைத்திருந்தவர் கருகிய இலை ஒன்றைக் கிள்ளினார்.

"வாயில வைக்க முடியாது மச்சான், அம்புட்டு உப்பு. காலையில கூட அதத்தான் ஊத்திட்டு வாரேன்."