சுவருக்கு அந்தப் பக்கம்

பொகவந்தலாவையிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பஸ் அவ்வளவு இரைந்தும் இருவரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் காம்பரா அறைகளின், கூரை வரை எட்டாத சுவர்களுக்குப் பழகிய குரல்கள்.

"வீட்டுக்கு வெல கேக்கப் போயி, ஒரு காம்பராவ மட்டும் குடுங்கன்னு கேட்டுட்டேன் புள்ள."

என் காது அங்கே போய்விட்டது.

"லயத்துல குடும்பத்துக்கு ஒரு காம்பராதானே? வீடுன்னா அதுதான்னு நெனச்சேன். நம்மகிட்ட இருக்குறதெல்லாத்தையும் வெலயா சொன்னேன். வீட்டுச் சொந்தக்காரரு, அந்தக் கடக்கார நானா, சிரிக்கிறாரு. 'அதுக்கு மூணு காம்பராவும் ஒனக்குத்தான்டா'ன்னாரு."

"நெசமாவா?"

"கையப் புடிச்சு சொன்னாரு. இன்னைக்கு அச்சாரம் குடுத்தா வீடு நமக்கு."

அவள் மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ரெண்டாவது காம்பராவுல யாரு இருப்பாங்க?"

"நாமதான்."

"மூணாவதுல?"

"அங்கயும் நாமதான் புள்ள."

"அதுக்கும் அந்தப் பக்கம்?"

"ஒரு பேரி மரம் நிக்குது."

இரண்டு வளைவுகள் கடந்தன. பிறகு அவள் திடீரென்று, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்:

"அப்ப நம்ம வீட்டுல நான் சத்தமா பேசலாமா?"

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனும் அதே சத்தத்தில் சொன்னான்:

"சண்டையே போடலாம் புள்ள!"