பேரில்லாத வரிசை

— நீங்களே எண்ணுங்க மேடம். கட்டில் பன்னெண்டு, கட்டிலுக்கு ஒரு குழந்தை. இப்ப சுவத்துல மாட்டியிருக்கிற ஸ்க்ரீன்ல எத்தனை குழந்தைக்கு வரிசை இருக்குன்னு எண்ணுங்க.

— பதினொண்ணு.

— பதினொண்ணு! இதத்தான் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன். கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு எத்தனை தடவை எழுதிப் போட்டேன் தெரியுமா? ‘பக்கத்தை மூடித் திறந்து பாருங்க’ன்னு ஒவ்வொரு தடவையும் அதே பதில். அதை எழுதின மகராசன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...

— நான்தான் பிரதர். மகராசன் இல்ல, மகராசி.

— ஐயையோ. சரி, விடுங்க. டீ சொல்லட்டுமா?

— டீ அப்புறம். எந்தக் குழந்தை வரல?

— ஜன்னலோரக் கட்டில். வாங்க காட்டுறேன். செருப்பை அங்கயே கழட்டிருங்க, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. ஆம்பளை நர்ஸ்தானேன்னு நினைக்காதீங்க, இந்த விஷயத்துல நான் மாமியார்.

— நான் ஸ்க்ரீனைப் பார்க்கத்தான் வந்தேன்.

— ஆளைப் பார்க்காம ஸ்க்ரீனை எப்படிச் சரி பண்ணுவீங்க? வாங்கங்கிறேன்.

— ...அம்மாடி.

— என்ன மேடம், அப்படிக் குனிஞ்சு பார்க்கறீங்க?

— இல்ல... இவ்ளோ சின்னதா ஒரு விரல், அதுல ஒரு நகம் வேற. யாரு பிரதர் இதையெல்லாம் உக்காந்து செய்யறது?

— நானும் பதினஞ்சு வருஷமா இந்த வார்டுல இருக்கேன், எனக்கே இன்னும் பழகல. பாருங்க, கொட்டாவி விடறா. உலகத்தையே சுத்திப் பார்த்துட்டு வந்த களைப்பு. மூணு வாரம் ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு.

— இவங்க அம்மா எங்க?

— அந்தக் கொடுமையைக் கேக்காதீங்க. இவ பஸ்ல வந்தவ. டெப்போவுல வண்டியைக் கூட்டப் போன ஆளு, கடைசி சீட்டுல துணி மூட்டைன்னு நினைச்சுத் தூக்கியிருக்காரு. மூட்டை அழுதிருக்கு. மனுஷன் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இங்க ஓடி வந்தாரு. பெத்தவ சீட்டுல போட்டுட்டு இறங்கிப் போயிட்டா மேடம்! எப்படித்தான் மனசு வந்துச்சோ.

— அவங்களுக்கு ஏதாவது ஆகியிருக்கலாமே?

— அதை நினைக்காம இருப்பேனா? அன்னிக்கே கீழ ரிசப்ஷன்ல கேட்டேன், பேர் தெரியாத பொம்பளை யாராவது சேர்ந்திருக்காங்களான்னு. ஸ்க்ரீனைப் பார்த்துட்டு யாருமே இல்லன்னுட்டாங்க. அதோட என் மனசு விட்டுப் போச்சு. எங்கயாவது அவ என் கண்ணுல பட்டா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி இருக்கு.

— சரி, இன்னிக்கு என்ன அவசரம்? போன்ல அப்படிப் பதறுனீங்க.

— காப்பகத்துல இருந்து நாலு மணிக்கு வண்டி வருது. இவளை அங்க ஒப்படைக்கணும். ‘அனுப்பு’ன்னு ஒரு பட்டன் இருக்கே, அது அவங்கவங்க வரிசையிலதானே இருக்கு? வரிசையே இல்லன்னா பட்டனுக்கு நான் எங்க போவேன்? பால் ரூம்லயும் ஸ்க்ரீனைப் பார்த்துத்தான் பால் அனுப்பறாங்க. இவளுக்கு மட்டும் வராது. வேளா வேளைக்கு நானே கீழ போய்ச் சண்டை போட்டு வாங்கிட்டு வர்றேன். நான் லீவு போட்டா இவ பட்டினி.

— இருங்க இருங்க. இவ விவரமெல்லாம் உள்ள ஏத்தியாச்சா?

— கட்டில், எடை, பால் அளவு, எல்லாம் ஏத்தியாச்சு. பேர்க் கட்டம் மட்டும் காலி.

— ஏன்? ஏதாவது எழுதியிருக்கலாமே.

— அதுதான் கூடாது. எங்க வார்டு வழக்கம் அது. உரிமைப்பட்டவங்க வந்து பேர் வைக்கிற வரைக்கும் நாங்க கையை வைக்க மாட்டோம். முன்ன ஒருத்தனுக்கு ஆசையா ‘குண்டு’ன்னு எழுதிட்டோம். அது அப்படியே நகர்ந்து நகர்ந்து பிறப்புச் சான்றிதழ்ல போய் உக்காந்துருச்சு. அவங்க அப்பா வந்து ஆடின ஆட்டம் இருக்கே!

— சரி. லேப்டாப்பை இங்க வச்சுக்கறேன். இருங்க... வந்திருக்காளே.

— எங்க? சுவத்துல ஒண்ணும் காணோமே?

— பக்கத்துக்குள்ள இருக்கா. கண்ணுக்குத்தான் தெரியல.

— மேடம், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— இந்தப் பக்கத்துக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கு. ‘குழந்தைக்கு ஒரு வரிசை’ன்னு அதுல சொல்லி வச்சிருக்கோம், அவ்வளவுதான். எப்படிப் போடணும்னு நாம சொல்லித் தர வேணாம், எத்தனை பேர் இருக்காங்களோ அதுவே பார்த்துப் போட்டுக்கும். இப்பவும் பன்னெண்டு வரிசை போட்டிருக்கு. பன்னெண்டாவது வரிசையை யாரோ போர்வை போட்டு மூடியிருக்காங்க.

— போர்வையை உருவி விடுங்களேன்.

— அதத்தான் செஞ்சு பார்த்தேன். உங்க வார்டோட ஸ்டைல் ஃபைல்ல ‘காட்டு’ன்னு எழுதினேன். அசையல.

— ஏனாம்?

— உங்க ஃபைலுக்கு அப்புறம் பொது ஸ்டைல் ஃபைல் வருது. அதுல எங்கயோ ‘மறை’ன்னு இருக்கு. ரெண்டுக்கும் பலம் ஒண்ணா இருந்தா கடைசியாப் பேசுறவங்க பேச்சுதான் எடுபடும்.

— எங்க வீட்டுலயும் அதே சட்டம்தான். கடைசியாப் பேசுறது என் பொண்டாட்டி. அது என்ன பொது ஃபைல்?

— இந்தக் கட்டடம் முழுக்க அந்த ஒரு ஃபைல்தான். எழுத்து எவ்வளவு பெரிசு, எது சிவப்பு, எது பச்சை, எது தெரியணும், எது தெரியக் கூடாது, எல்லாம் அதுல இருக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து மருந்துக் கடை வரைக்கும் எல்லா ஸ்க்ரீனும் அது சொல்றதத்தான் கேக்கும்.

— ஒரு ஃபைலா? இத்தனை மாடிக்கும்?

— ஒரே ஃபைல். அதான் பயமே. இருங்க, ஒவ்வொரு வரியா அணைச்சுப் பார்க்கறேன். பயப்படாதீங்க, என் லேப்டாப்புல மட்டும்தான் அணையும். இது இல்ல... இதுவும் இல்ல... இது வெறும் ஓரக்கோடு. இது... வந்துட்டா! என் ஸ்க்ரீன்ல வந்துட்டா பிரதர்!

— எங்க எங்க, தள்ளுங்க! அட ஆமா! எந்த வரி அது? என்ன எழுதியிருக்கு?

— ‘பேர்க் கட்டம் காலியா இருந்தா, அந்த வரிசையையே மறைச்சிடு.’

— எந்த அறிவாளி எழுதினது இது?

— அதே மகராசிதான்.

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொல்லுங்க பிரதர், எனக்கு நல்லா வேணும். போன வெள்ளிக்கிழமை மருந்துக் கடை ஸ்க்ரீன்ல மருந்து பேர் இல்லாம காலி வரிசையா நிறைய நின்னுச்சு. ஓட்டைப் பல்லு மாதிரி இருக்குன்னு பெரிய டாக்டர் முகம் சுளிச்சாரு. நான் ஒரு வரி எழுதினேன். மருந்துக் கடைக்குன்னு தனியா எழுதியிருக்கணும். கை சும்மா இருக்காம பொதுவுல எழுதிட்டேன், எல்லா இடமும் சுத்தமா இருக்கட்டுமேன்னு. பேர் இல்லன்னா காலின்னு நினைச்சேன் பிரதர். பேர் இல்லாம ஒரு ஆள் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

— விடுங்க மேடம். இப்பத் தெரிஞ்சிருச்சில்ல?

— உங்க வார்டுக்கு மட்டும் இன்னும் பலமா ஒரு ‘காட்டு’ போட்டு அனுப்பிட்டேன். சுவத்தைப் பாருங்க.

— ...வந்துட்டா. பன்னெண்டாவது. ஜன்னலோரக் கட்டில், எடை, பால் அளவு. பேர்க் கட்டம் மட்டும் வெள்ளையா... மேடம், சிரிக்காதீங்க, எனக்குக் கண்ணு கலங்குது. இவ்வளவு நாளும் அழுதுக்கிட்டு, மூச்சு விட்டுக்கிட்டு எங்க கண்ணு முன்னாலயே கிடந்தா. ஆனா இந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரைக்கும் இன்னிக்குத்தான் பொறந்திருக்கா.

— நான் சிரிக்கல பிரதர்.

— இருங்க, போன் அடிக்குது. ஹலோ... சரிங்க... சரிங்க, மேல அனுப்பி வைங்க. காப்பகத்து அம்மா வந்துட்டாங்களாம், லிஃப்ட்டுக்கு நிக்கிறாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க மேடம். பட்டனை அமுக்கிடட்டுமா?

— அமுக்குங்க.

— இதோ... ஏன் மேடம், ஒரு சந்தேகம். முட்டாள்தனமா இருந்தா திட்டாதீங்க.

— சொல்லுங்க.

— அந்த வரி பொதுவுல இருக்குன்னீங்களே. எங்க வார்டுக்கு மட்டும்தானே இப்பக் காட்டுச்சு? அப்ப மத்த மாடியில பேர் இல்லாதவங்க?

— பட்டன்ல இருந்து கையை எடுங்க பிரதர்.

— எடுத்துட்டேன்.

— ஒவ்வொரு வார்டாத் திறந்து அந்த வரியை அணைச்சுப் பார்க்கறேன். ஆண்கள் வார்டு... ஒருத்தர். வயசானவர், நடைபாதையில மயங்கிக் கிடந்தவராம்.

— அடப்பாவமே.

— எலும்பு வார்டு... யாரும் இல்ல. இல்ல, இருங்க, கீழ ஒருத்தர் இருக்காரு. காது கேக்காதவர்னு போட்டிருக்கு. அவசரப் பிரிவு, ரெண்டு பேர். எழுந்து எழுந்து வர்றாங்க பிரதர். வரியை அணைக்க அணைக்க ஒவ்வொரு மாடியா எழுந்து வர்றாங்க. நான் எழுதினது ஒத்தை வரி.

— இத்தனை பேரா மேடம்?

— தலைக்காய வார்டு. ஒருத்தங்க. பெண். வயசு இருபத்தஞ்சு இருக்கலாம்னு போட்டிருக்கு. சேர்த்தது... திங்கட்கிழமை.

— திங்களா?

— ஏன்?

— இவளும் திங்கட்கிழமைதான் வந்தா. ஆனா ரிசப்ஷன்ல யாருமே இல்லன்னு...

— ரிசப்ஷன்ல எதைப் பார்த்துச் சொன்னாங்க பிரதர்? ஸ்க்ரீனைத்தானே? அந்த வார்டுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, தலைக்காய வார்டா? பச்சைக் குழந்தை வார்டுல இருந்து பேசறேன் சிஸ்டர். உங்ககிட்ட பேர் தெரியாத ஒரு பொண்ணு...

— ஆமா பிரதர், இருக்காங்க. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்ட் வாசல்ல, டீக்கடையில இருந்து ஓடி வரும்போது வேன் அடிச்சிருச்சு. நினைவில்லாமத்தான் கொண்டு வந்தாங்க. இன்னிக்குக் காலையிலதான் கண்ணைத் திறந்திருக்காங்க.

— பஸ் ஸ்டாண்டா? ஏதாவது பேசினாங்களா சிஸ்டர்?

— வாய் இன்னும் வரல. சுத்திச் சுத்திப் பார்க்கறாங்க, எழுந்து ஓடப் பார்க்கறாங்க. ரெண்டு பேர் பிடிச்சுக்க வேண்டியிருக்கு. ஆமா, நீங்க ஏன் கேக்கறீங்க? உங்க வார்டுல பேர் தெரியாத குழந்தை எதுவும் இல்லையே? அன்னிக்கே ஸ்க்ரீனைப் பார்த்தோமே. இருந்த எல்லாக் குழந்தைக்கும் பேர் இருந்துச்சு.

— ...மேடம், என்ன இது. இவங்களும் தேடியிருக்காங்க. இவங்களும் அங்கிருந்து தேடியிருக்காங்க!

— சிஸ்டர், நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்து பேசறேன். அவங்க இன்னும் ஒரு வார்த்தை பேசலங்கிறீங்க. கூட வந்தவங்களும் யாரும் இல்ல. அப்ப எங்கயோ ஒரு குழந்தை இருக்குன்னு உங்களுக்கு அன்னிக்கே எப்படித் தோணுச்சு?

— ஸ்ட்ரெச்சர்ல வரும்போதே அவங்க கையில ஒரு பால்புட்டி இருந்துச்சு மேடம். நினைவே இல்லாதப்பவும் விடல, விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தோம், புட்டிக்குள்ள, டீக்கடையில வாங்கின வெந்நீர் அப்பவும் சூடா இருந்துச்சு.