மேல்காற்றின் சராசரி

காலியிடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சட்டையில் ஒரு பொத்தான் விட்டுப்போனால்கூட அன்றைக்கு வேலை ஓடாது. விசாரிக்க வந்த உங்களுக்கு இது தேவையில்லாத பேச்சுதான். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

வானிலை ஆவணப் பிரிவில் மேல்காற்றுப் பதிவுகளைப் பாதுகாப்பது என் வேலை. தினமும் காலையில் பார்வையாளர் ஒரு பலூனைப் பறக்கவிடுவார். தொலைநோக்கியில் அதைத் தொடர்ந்து பார்த்து, எந்த உயரத்தில் காற்று எவ்வளவு என்று எழுதி அனுப்புவார். காற்று பலமாக அடித்தால் பலூன் சீக்கிரமே கண்ணுக்கு மறைந்துவிடும். அதற்கு மேலுள்ள உயரங்களைக் காலியாக விட வேண்டும் என்பது விதி. ஆகவே காற்று பேயாட்டம் ஆடிய நாட்கள்தான் பதிவில் வெறுமையாகக் கிடக்கும். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த குறை இது.

நான் அந்த இடங்களில் மாதச் சராசரியைப் போட்டு நிரப்பினேன். பலூன் கண்ணில் பட்ட சாதுவான நாட்களின் சராசரி அது. மேலதிகாரி "ஒரு ஓட்டைகூட இல்லையே" என்று முதுகில் தட்டினார். அதனால் யார் குடியும் முழுகவில்லை, அப்போது.

என் தங்கையின் கணவர் விமானி. மலைக்கு அந்தப் பக்கம் சிறிய விமானத்தில் மருந்து கொண்டுபோவார். அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியது நான். அவர் வந்தார், சிரித்தார், அவளைக் கூட்டிக்கொண்டு போனார். விருந்தில் நாலு பேர் முன்னால், "எங்க மச்சான் காத்தைப் புடிச்சு பெட்டியில போட்டுப் பூட்டுறவரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் சிரிப்பாள். அது எனக்கு வலித்தது.

அன்று காலை பார்வையாளரின் தாள் வந்தது. பலூன் மலையுயரத்தைத் தொடும் முன்பே மறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

"மச்சான், மேல காத்து எப்படி இருக்கு? கிளம்பலாமா?"

"இந்த மாசத்துல எப்பவும் சாதுவாத்தான் இருக்கும். பதிவைப் பார்த்துதான் சொல்றேன். தைரியமா போங்க."

நான் பொய் சொல்லவில்லை. பதிவு அப்படித்தான் சொன்னது. போனை வைத்துவிட்டு, அன்றைய காலியிடத்திலும் சராசரியைப் போட்டேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

விபத்தை விசாரித்தவர்கள் என் பதிவைத்தான் கேட்டு வாங்கினார்கள். காற்று சாதுவாக இருந்திருக்கிறது, தவறு விமானியுடையது என்று முடித்துவிட்டார்கள். தங்கைக்கு நஷ்டஈடு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, அவர் அப்படிக் கவனமில்லாம ஓட்டுற ஆளா?" என்று அழுதாள்.

"என்னம்மா பண்றது, ஒரு நிமிஷம் அசந்திருப்பார்" என்றேன்.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள். முன்போல இல்லை, சிரிப்பதில்லை. போகப்போகச் சரியாகிவிடும். பலூன் மறைந்த நாளெல்லாம் பதிவில் காற்று எப்படிச் சாதுவானது என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதற்காக உங்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. எனக்கு யார்மீதும் பகை இருந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று ஏன் மதியமே விடுப்பு எடுத்தேன் என்றும் கேட்டீர்கள். வீட்டில் தங்கையின் பழைய அறை பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு, அலமாரியில் அவளுக்கு இடம் ஒதுக்கி வைத்தேன். விமானம் விழுந்த செய்தி மாலையில்தான் வந்தது.