ஐந்து வருடம் பிரிக்கக் கூடாத உறை

இருநூற்றுப் பன்னிரண்டு பென்சில்களையும் நானேதான் சீவினேன். ஆள் வைத்துச் சீவியிருக்கலாம். ஆனால் ஒருவனுக்குக் கூராகவும் இன்னொருவனுக்கு மொட்டையாகவும் கிடைத்தால் அதுவே பதிலில் ஒரு சின்ன வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நினைக்கிறவள் நான். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் புத்தி லேசில் போகாது, சார்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலையில் நான் கஸ்தூரிரங்கன் சாருக்குப் போன் செய்தேனா, இல்லையா. நான் போன் பேசியதைத் தன் காதாலேயே கேட்டதாகச் சொல்கிறாள் மீன் விற்கிற அங்காளம்மாள். தனக்கு எந்தப் போனும் வரவில்லை என்கிறார் அவர். அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அங்காளம்மாளின் மகன் பரணி, போலீஸ் ஸ்டேஷனில் செத்துப்போனான். ஒரு போன் போயிருந்தால் பிழைத்திருப்பான். அதனால் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

2003 மார்ச்சில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் என் தேர்வை வைத்தேன். காவலர் வேலைக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பையன்களுக்கு. உயரம் பார்த்து, மார்பளவு எடுத்து, ஓடவிட்டு, கயிறு ஏறவிட்டு முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு என் தாள். நூற்று நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். ‘கோபம் வந்தால் எனக்குக் கை நிற்காது.’ ‘யாராவது கெஞ்சி அழுதால் எனக்கு எரிச்சல்தான் வரும்.’ ‘நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.’ இந்தக் கடைசி வாக்கியம் ஒரு பொறி. அதற்கு ஆமாம் போடுகிறவன் மற்றவற்றிலும் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறான் என்று தெரிந்துவிடும்.

இதற்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவர் கஸ்தூரிரங்கன் சார். காவலர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த போலீஸ் அதிகாரி. முதல் நாளே சிரித்தார்.

“அம்மா, ஹைட் பாக்கறோம், செஸ்ட் பாக்கறோம், சரி. மண்டைக்குள்ள பாக்கணும்னா எங்க வீட்ல தோத்தாத்ரி ஜோசியர்கிட்டதான் போவாங்க.”

“அவர் சொன்னது பலிச்சுதா சார்?”

“பாதி பலிச்சுது.”

“பாதின்னா அதுக்கு நாணயத்தைச் சுண்டிப் பாத்தாலே போதுமே சார்.”

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் ஜோசியம் என்ற சொல் எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. ஏன் என்றால் அதில் ஞாயம் இருந்தது. ஒருத்தி வந்து, இந்தக் கூடையில் எந்த மிளகாய் காரம் என்று பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறாள். காரம் என்று அவள் சொன்னதையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டுவிட்டால், அவள் சொன்னது சரியா என்று எப்படித் தெரியும்? எல்லா மிளகாயும் சமையலுக்குப் போக வேண்டும். யாராவது கடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தேர்வு நம்பகமானது என்று நிரூபிக்க வேறு நேர்வழி கிடையாது.

அதனால் ஒப்பந்தம் இப்படி: என் மதிப்பெண்ணைப் பார்க்காமலே ஆள் எடுப்பார்கள். மதிப்பெண்கள் ஒட்டிய உறையில் என் அலமாரியில் இருக்கும். ஐந்து வருடம் யாரும் பிரிக்கக் கூடாது. 2008 மார்ச்சில் பிரித்து, யார் யார் மேல் என்னென்ன புகார் வந்திருக்கிறது என்று ஒத்துப் பார்ப்போம். நூற்று அறுபத்து நான்கு பேரை எடுத்தார்கள். அதில் பதினோரு பேர் என் கணக்குப்படி லத்தியைத் தொடவே கூடாதவர்கள். தாள்களைத் திருத்தியவள் என்பதால் அந்தப் பதினோரு பெயரும் எனக்கு மட்டும் மனப்பாடம்.

ஒரு தடவை கஸ்தூரிரங்கன் சாரே கேட்டார். “அம்மா, பெருசா ஒண்ணும் வேணாம். ரொம்ப மோசமானவன் ஒருத்தன் ரெண்டு பேர் இருந்தா காதுல மட்டும் போடுங்க. ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சுடறேன்.”

“போட்டா இதுவும் ஜோசியமாத்தான் போகும் சார்.”

“நீங்க எங்கள விட ஸ்ட்ரிக்டா இருக்கீங்கம்மா” என்றார். இரண்டு நாள் அந்தச் சொல்லை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹேமநாத் முடிச்சூர்ப் பையன். நிலத்தைப் பிளாட் போட விற்றுவிட்டு, அதே நிலத்தில் எழுந்த அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தவரின் மகன். பதினோரு பேரில் மதிப்பெண்ணில் அவன்தான் கடைசி. கை நிற்காது என்பதற்கு ஆமாம். எரிச்சல் வரும் என்பதற்கு ஆமாம். பொய்யே சொன்னதில்லை என்பதற்கு மட்டும் இல்லை. அவ்வளவு நேர்மையான ஒரு தாளை என் வாழ்நாளில் நான் திருத்தியதில்லை.

ஆயுதப்படையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஸ்டேஷன் வேலைக்கு வந்தான். எந்த ஸ்டேஷன் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. இந்த வருடம் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விசாரித்துக்கொண்டு சேலையூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“என்ன உங்களுக்கு ஞாபகம் இருக்காது மேடம்.”

“சொல்லுப்பா.”

“போன வாரம் ஒரு ஆள அடிச்சேன். பெரிய கேஸ்லாம் இல்ல. குடிச்சிட்டு ரோட்ல கத்திட்டு இருந்தான். ரெண்டு தட்டு தட்டி அனுப்பணும், அவ்வளவுதான். கை நிக்கல மேடம். காது அடச்ச மாதிரி ஆயிடுது. ஏட்டய்யா வந்து இடுப்பப் புடிச்சு இழுத்தாரு. அந்தாளுக்குத் தாடை ஒடஞ்சுபோச்சு.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அன்னிக்கு உங்க பேப்பர்ல எல்லாம் உண்மையத்தான் போட்டேன். பக்கத்துல இருந்தவன்லாம் புத்தர் மாதிரி டிக் அடிச்சான். நம்மள எப்படியும் கழிச்சுடுவாங்கன்னு நெனச்சேன். எடுத்துட்டாங்க. சரி, படிச்சவங்க பாத்துட்டுத்தான எடுத்திருக்காங்க, அப்ப நமக்கு ஒண்ணும் இல்ல போலன்னு விட்டுட்டேன்.”

அவனுக்கு வேண்டியது ஒரு கடிதம். இவனை ஆபீஸ் வேலைக்கு மாற்றலாம் என்று நான் நாலு வரி எழுதித் தர வேண்டும். “வயர்லெஸ்ல உக்காந்துப்பேன் மேடம். நானா போய்க் கேட்டா பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்க. நீங்க எழுதினா கேப்பாங்க.”

எழுதியிருந்தால் பதினொன்று பத்தாகிவிடும். அதுவும் என் தேர்வு மிகத் தெளிவாகச் சுட்டிக்காட்டிய ஆள் கையை விட்டுப் போய்விடுவான். இந்தத் தேர்வு ஒரு தடவை நிரூபணமாகிவிட்டால் அப்புறம் வருடா வருடம் ஆயிரக்கணக்கான பேரை வடிகட்டலாம். எத்தனை தாடைகள், எத்தனை உயிர்கள் தப்பும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். “அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்ப்பா” என்றேன். காபி கொடுத்தேன். மூச்சை இழுத்து, எண்ணி விடுவதற்கு ஒரு பயிற்சி உண்டு; என் மாணவிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவனுக்குச் சொல்லவில்லை. அதுவும் குறுக்கீடுதான். அவன் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு, உடைந்த தாடையைத் தேதி போட்டுக் குறித்துவைத்தேன்.

பரணியைப் பற்றிச் சொல்கிறேன். அங்காளம்மாள் கோவளத்துக் குப்பத்துக்காரி. மகனோடு பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வாடகைக்கு இருந்தாள். மகன் மீன்பாடி வண்டியை மிதிக்க, அவள் பின்னால் நடந்துவந்து எங்கள் தெருவில் விற்பாள். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“இன்னா டீச்சரம்மா, எப்ப பாரு சங்கராதான் வாங்குற? வஞ்சிரம் இன்னா உன்ன கடிச்சிக்கிச்சா?”

“மூட்றா வாய. அவங்கோ எம்மாம் படிச்சவங்கோ.”

“படிச்சவங்க மீன் துன்ன மாட்டாங்களா? நீ ஒண்ணு.”

என் வீட்டு காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது அவன்தான். இருபத்திரண்டு வயது.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். கூடை இல்லாமல் அங்காளம்மாள் ஓடிவந்தாள்.

“டீச்சரம்மா, எம் புள்ளய இட்டுகினு பூட்டாங்கோ. யார்தோ செல்போன இவன் எட்த்தானாம். சத்தியமா எட்கல. உனுக்குத்தான் போலீஸ்ல பெர்ய ஆளுங்கல தெரியுமே, ஒரு போன் போட்டு சொல்லேன்.”

“எந்த ஸ்டேஷன்?”

சொன்னாள்.

“கூட்டிட்டுப் போனது யாரு?”

“ஒசரமா ஒர்த்தன். சட்டையில ஏமநாத்துனு எய்திகீதாம், கடக்காரரு பட்ச்சி சொன்னாரு.”

பரணிக்காகப் பயந்தேன். அது நிஜம். ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது; அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பரீட்சை முடிவு வருகிற நாளில் பிள்ளைகளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். “கோவளத்துக்கு ஆள் அன்ப்பிகீறேன். நம்ம ஆளுங்கோ இருபது முப்பது பேரு வந்து ஸ்டேஷன் வாசல்ல நின்னா தொட பயப்படுவாங்கல்ல? கவுன்சிலராண்டயும் போறேன்.”

“இரு, அவசரப்படாதே” என்றேன். உள்ளே போனேன். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரைதான். அவளுக்கு என் முதுகு தெரியும்.

“வணக்கம் சார், ஞானாம்பாள் பேசறேன். ... நல்லா இருக்கேன் சார். ... ஒரு சின்ன உதவி. பரணின்னு ஒரு பையன், நமக்குத் தெரிஞ்சவன்தான். தங்கமான பையன். ... ஓ, அப்படியா? வெறும் விசாரணைதானா? ... சாயங்காலமே அனுப்பிடுவாங்களா? ... ரொம்ப சந்தோஷம் சார். அவங்கம்மா இங்கதான் நிக்கறா, சொல்லிடறேன்.”

எண்ணை அழுத்தவில்லை, சார். ரிசீவரை எடுத்தேன், அவ்வளவுதான். காதில் டயல் டோன் வந்துகொண்டிருந்தது; கொஞ்ச நேரத்தில் அது விட்டு விட்டு அலறும் சத்தமாக மாறியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, எதிராளி பேசுவதற்கு இடம் விட்டு விட்டுப் பேசினேன். அங்காளம்மாள் கேட்டது நிஜம். கஸ்தூரிரங்கன் சாருக்குப் போன் வராததும் நிஜம்.

வெளியே வந்து சொன்னேன்: “சொல்லிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவான். கூட்டம் எதுவும் கூட்டாதே, அப்பறம் அவங்களுக்குக் கோபம் வந்துடும். கவுன்சிலரெல்லாம் வேணாம். வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கி வை.”

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீ நல்லா இருக்கணும் டீச்சரம்மா. நான் ஒரு கூறு கெட்டவ, ஊரயே பேஜார் பண்ணிட்ருப்பேன்.” பக்கத்துக் கடையிலிருந்து கோவளத்துக்குப் போன் போட்டு, யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் செய்யாமல் இருந்தது ஒன்று. அதற்கு என்னிடம் காரணம் இருந்தது. நூற்று அறுபத்து நான்கு பேரில் ஒருவன் விஷயத்தில் தலையிட்டால் முழு ஆய்வும் கெட்டுவிடும். ஆனால் அந்த முப்பது பேரை வரவிடாமல் செய்தது எந்த ஆய்வு முறையிலும் இல்லை. நடப்பது தானாக நடக்க வேண்டும் என்பதுதான் விதி. நான் நடக்க வைத்தேன். ஹேமநாத்தின் கையை நிறுத்த அந்த ஊரில் இருந்த ஒரே வழியை நான் அடைத்தேன். அவன்தான் கொன்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் ஏழு மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்து, தன்னைக் கட்டிப்போடச் சொல்லிக் கேட்டவன். அடித்துக்கொன்றது அவன் கை. கொன்றவள் நான்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் அங்காளம்மாள் வந்தாள். நான் அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவினாள். “நீ அய்வாத டீச்சரம்மா. நீ சொல்லியும் கேக்கலயே அந்தப் பாவிங்கோ. நீ இன்னா பண்ணுவ?” அந்தக் கை இன்னும் முதுகில் இருக்கிறது. படுக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் ஆகாது.

என்ன தண்டனை என்றாலும் சரி. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றப் பத்துப் பேர் யார், இப்போது எந்தெந்த ஸ்டேஷனில் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன் என்று சொல்லவில்லை, சார். ஐந்து வருடம் மார்ச்சில் முடிகிறது. ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அது அந்தப் பையன் செத்ததற்கே அர்த்தமில்லாமல் பண்ணிவிடும். இன்னும் ஏழு மாதம்தானே. அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.