அடுத்த அறைக்குப் போன இணைப்பு

தம்பியின் கேம் பெட்டி பழசு, இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்குத் தானாக வைஃபை பிடிக்கத் தெரியாது. என் லேப்டாப் வைஃபையை வாங்கி, ஒரு கேபிள் வழியாக அதற்குக் கொடுக்கும். செட்டிங்கில் 'பகிர்' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டால் போதும். நான்தான் தேடிப் படித்து அதைச் செய்துகொடுத்தேன்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன் அவன். கழுத்துக்குக் கீழே அசைவு என்று வலது கையில் மூன்று விரல்கள்தான் மிச்சம். நான் பல் டாக்டரிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் ஊட்டிவிட்டேன், கழுவிவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை.

விளையாட்டில் அவன் கப்பல் ஓட்டுவான். முகம் தெரியாத நாலு பேர் கூட வருவார்கள். அவனைக் கேப்டன் என்பார்கள். அவன் சிரிப்பது சமையலறைவரை கேட்கும். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த நாலு பேரில் ஒரு அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரு காலை நான் முகம் துடைத்துவிடும்போது தம்பி சொன்னான்: "அக்கா, அந்த அம்மா ஊர்ல என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு இல்லம் இருக்காம். எனக்கு இடம் பேசி வெச்சிருக்காங்க. நான் போறேன். நீயும் கொஞ்சம் உன் வாழ்க்கையைப் பாரு."

நல்ல மனதோடுதான் சொன்னான். துண்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து, லேப்டாப்பில் அந்த டிக்கை எடுத்தேன்.

கம்பெனிக்காரர்கள் அந்த விளையாட்டையே மூடிவிட்டதாகச் சொன்னேன். நம்பினான். வேறு யாரைக் கேட்பான்? நர்ஸம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எழுதி, திரும்ப வாசித்தும் காட்டினேன். அனுப்பவில்லை.

அந்த நாலு பேரும் விடாமல் விசாரித்தார்கள். விளையாட்டில் அவன் கணக்கு என் மெயிலில்தானே, எல்லாச் செய்தியும் என் லேப்டாப்புக்கு வரும். 'தம்பி தூக்கத்திலேயே போய்விட்டான், வலி இல்லை' என்று பதில் போட்டேன். அன்று அவர்கள் கப்பல்களையெல்லாம் நிறுத்தி ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார்களாம். உங்கள் கையில் இருக்கும் அந்தப் பதிலின் நகலில் தேதி சரிதான், ஐயா. அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் அவன் உயிரோடு இருந்தான்.

அதில் ஒருநாள் கேட்டான்: "யாராவது என்னைத் தேடினாங்களா, அக்கா?"

"இல்லடா" என்றேன்.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் தானாகத் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். பிறகு சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் தண்ணீருக்கும் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார். அங்கே ஆளாளுக்கு வந்து பேச்சுக் கொடுப்பார்கள். வேண்டாமென்று விட்டுவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த உலகத்தில் அவனுக்கு என்னை விட்டால் நாதியில்லை, ஐயா. நான் கடைசிவரை அவனைக் கைவிடவே இல்லை.