பத்தொம்பது வருஷத்துக் கங்கு

சுவத்துப் பக்கமா உக்காருங்க ஐயா, அந்த முனை ஆடும். குளிருதா? ஆமா, அடுப்பு அணைஞ்சுதான் கெடக்கு. அத அப்புறம் சொல்றேன், மொதல்ல நீங்க வந்த வேலையப் பாப்போம்.

பேரு செலியா கெராட்டி. புருஷன் மார்ட்டின், செத்து ஏழு வருஷம். இதெல்லாம் நாலு தடவ எழுதிக் குடுத்தாச்சு. உங்களுக்கு முன்னால உங்க டப்ளின் நெல ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு வந்து இதேதான் கேட்டாங்க. அந்தத் தாளெல்லாம் எந்த எலி தின்னுச்சோ.

நெலமா? இந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்தக் கூரை வீட்டோட சேந்தது. குத்தகையக் கொறைங்கன்னு ஊரே சேந்து கேட்டோம். பண்ணையார் ஆளுங்க போலீசோட வந்து கதவ இடிச்சு எங்கள வெளிய தள்ளுனாங்க. குத்தகைக்காரங்க சங்கத்துல எதுத்தாப்புல இந்த மரக்குடிசையப் போட்டுக் குடுத்து, ஆறு மாசம் பொறுத்துக்கோம்மான்னாங்க. பத்தொம்பது வருஷமாச்சு.

பறிச்ச நெலத்தத் திருப்பிக் குடுக்கச் சட்டம் வந்துடுச்சுங்கறீங்க. தெரியும். எங்க பார்லிமெண்ட் மெம்பர் கால்வே சந்தையில வண்டி மேல ஏறிக் கத்துனாரு, இந்தக் கிறிஸ்துமஸ் உங்க வீட்லதான்னு. அப்புறம் அந்தச் சட்டம் பிரபுக்கள் சபைக்குப் போயித் திரும்பி வந்தா, இப்ப உழுதுக்கிட்டு இருக்கறவன் சம்மதிச்சாத்தானாம். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்ற கதை.

என் நெலத்த உழற அந்த வில்லிஸ் கிட்ட பேசிப் பாத்தீங்களான்னா கேக்கறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. எட்டு வருஷம் முன்னால என் வீட்டுல குடியேறுனான். அன்னிலேர்ந்து ஊர்ல யாரும் அவங்களோட பேசறதில்ல. கொல்லன் அவன் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டான். கடையில ஒரு தீப்பெட்டி கெடைக்காது. அந்தக் கட்டுப்பாட்ட மொதல்ல கேட்டு வாங்குனதே நாந்தான்.

அடுப்பா? விடமாட்டீங்க போல. எங்க பக்கம் வீட்டு நெருப்ப அணைய விடமாட்டோம். படுக்கப் போறப்ப சாம்பல் போட்டு மூடிட்டா, காலையில ஊதி, சதுப்புல வெட்டிக் காயவெச்ச மண்கட்டிய வெச்சாப் பிடிச்சுக்கும். வெளிய தள்ளுன அன்னிக்கு அந்த அடுப்புக் கங்க ஒரு சட்டியில அள்ளிட்டு வந்தேன். அதே நெருப்போட வீட்டுக்குள்ள போகணும்னு வைராக்கியம். மார்ட்டின் செத்த அன்னிக்குக் கூட அணைய விடல.

முந்தாநாள்லேர்ந்து எதுத்த வீட்டுல புகை வரல. வில்லிஸ் டப்ளின் போயிருக்கான், உங்க ஆபீசுக்குத்தான், காலி பண்ண மாட்டேன்னு சொல்ல. அவன் பொண்டாட்டி புள்ள பெத்து நாலு நாளு. மருத்துவச்சி கூடப் போகல. நேத்து புள்ள அழற சத்தம் கேட்டுச்சு. இன்னிக்குக் காலையில கேக்கல.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. பாதிக் கங்கு போதும்னு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த மண்கட்டியெல்லாம் ஈரம், பிடிக்கவே இல்ல. திரும்பி வந்து மிச்சத்தையும் வாரிக்கிட்டுப் போயிக் கொட்டுனேன். அவளும் பேசல, நானும் பேசல, பழக்கம் அப்படி. புள்ளைக்கு இப்ப தேவலாம். கடைக்காரன் ரோட்டுல பாத்துட்டான், நாளையிலேர்ந்து எனக்கும் தீப்பெட்டி கெடையாது.

அங்க பாருங்க, புகை வருது. அது என் நெருப்புதான், வீட்டுக்குப் போயிடுச்சு. இன்னும் நான் ஒருத்திதான் பாக்கி, எழுதிக்கோங்க.