கிழக்குக் கதவின் சாவி

நெருக்கடிக் கதவு ரொம்ப எளிமையான பொருள், சார். உள்பக்கம் இடுப்பளவில் குறுக்காக ஒரு கம்பி. உடம்பு சாய்ந்தாலே திறந்துகொள்ளும். பயந்தவனுக்கு யோசனை ஓடாது என்று தெரிந்த யாரோ செய்தது. அழகான வேலை.

ஒரே குறை, பயப்படாதவனுக்கும் திறக்கும். ஒருவன் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து கம்பியை அழுத்துவான். வெளியே நிற்கும் கூட்டாளிகள் எல்லாரும் ஓசியில் ஆட்டம் பார்ப்பார்கள். அரையிறுதியில் அப்படித்தான் ஆனது. "இது மைதானமா, உங்க மாமியார் வீடா?" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. இறுதி ஆட்டத்தன்று கிழக்குக் கதவின் கம்பியில் சங்கிலி சுற்றிப் பூட்டினேன். அங்கிருந்த கேமராவையும் வெளிப்பக்கம் திருப்பிவைத்தேன்.

கதவருகே நிறுத்தியது என் மச்சானை, மனைவியின் தம்பியை. நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். சங்கிலியைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மாமா, கதவுக்கே கைவிலங்கா?"

இரண்டாம் பாதியில் கேலரிக்கு அடியில் மின்கம்பி கருகிப் புகை வந்தது. பெரிய தீ இல்லை. ஆனால் கதவு பூட்டியிருப்பது முன்னால் நிற்பவனுக்குத்தான் தெரியும். பின்னால் வருபவன் தள்ளிக்கொண்டே இருப்பான். நெரிசல் என்பது அவ்வளவுதான். அதில் யார்மேலும் யாருக்கும் கோபம் கிடையாது.

வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான். "மாமா, புகை வருது. சாவி கொண்டாங்க. குழந்தைங்க இருக்காங்க."

கதவைத் திறக்கவைக்க, புகை என்று கத்துவது ஓசிக் கூட்டத்தின் பழைய தந்திரம். "பொறுடா, கேமராவுல பாத்துட்டு வரேன்" என்றேன். பார்த்தேன். நான் திருப்பிவைத்த கேமராவில் வெளியே தெரு மட்டும்தான் தெரிந்தது, அமைதியாக இருந்தது. மறுபடி, "மாமா" என்று மட்டும் கேட்டது.

நான் உள்வழியாகப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பின்வாங்கியிருந்தது. பின்வாங்க முடியாதவர்கள் கதவடியில் கிடந்தார்கள். கம்பியில் சாய்ந்தபடி அவன். பூட்டைத் திறந்தேன். சாவியை அவன் சட்டைப் பையில் போட்டேன். சங்கிலி அவன் வேலை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னதும் நான்தான்.

செத்தவனுக்கு ஜெயில் இல்லை. எனக்கோ அவன் அக்காவைக் காப்பாற்றும் பொறுப்பு இருந்தது.

நேற்று அவள் தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்கு அடியில் தள்ளினாள். "இத்தனை பேரைக் கொன்னவன் என் கண்ணுல படக்கூடாது" என்றாள். அழக்கூட இல்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். பூட்டியது நான். ஆனால் என்னால் அவனிடம் கேட்க முடிந்திருந்தால், அந்தச் சாவியை அவனே கை நீட்டி வாங்கியிருப்பான். மாமா பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.